எழுத்துச்சீலை சீட்டியான கதை

கடலூர் முதுநகரிலோ சிதம்பரம் மேலவீதியிலோ ஒரு ஜவுளிக்கடையில் ‘சீட்டித்துணி’ என்று கேட்டால் எது கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தலையணை உறைக்கும் மெத்தை உறைக்கும் சிறுமிகளின் பாவாடைக்கும் மீட்டர் கணக்கில் கிழித்துத் தரும் பூப்போட்ட பருத்தித் துணி அது. விலை குறைவு; சாயம் போனாலும் யாரும் வருந்துவதில்லை. ஆனால் இதே பெயரால் உலகம் அறிந்த துணி, சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து, வேரிலும் இலையிலும் எடுத்த சாயத்தில் தோய்த்து, கப்பலேறி அரண்மனைக் கட்டில்களை மூடியது. அந்தத் துணிக்கு ஊர் ஊராக வந்த பெயர்களையும், அதைச் செய்தவர்கள் வைத்த பெயரையும் தேடுவதே இக்கட்டுரை.

புள்ளி கண்டவர் வைத்த பெயர்

சீட்டி தமிழ் வேரில் பிறந்த சொல் அன்று. வாயால் அடிக்கும் சீட்டிக்கும் இதற்கும் உறவில்லை. இந்துஸ்தானியில் ‘சீண்ட்’ என்றும் மராத்தியில் ‘சீட்’ என்றும் வழங்குவது தெற்கே வந்து இகர ஈறு பெற்றுச் சீட்டி ஆயிற்று. அதன் மூலத்துக்கு அறிஞர்கள் இரண்டு வழி காட்டுகிறார்கள். பல நிறம் கலந்தது, புள்ளியுடையது என்னும் பொருள்கொண்ட ‘சித்ர’ என்ற வடசொல் ஒரு வழி. தெளித்த துளி, தெறித்த கறை என்னும் பொருளில் இந்தியில் உள்ள ‘சீண்ட்’ மற்றொரு வழி. எதைக் கொண்டாலும், பார்த்தவர் கண்ணில் முதலில் பட்ட புள்ளிதான் பெயராகியிருக்கிறது. செய்தவரின் கை அதில் இல்லை.

இந்தச் சொல்லே கடல் கடந்தது. லண்டனில் சாமுவேல் பீப்ஸ் 1663 செப்டம்பர் 5ஆம் நாள் குறிப்பில், மனைவியின் புதிய படிப்பறைச் சுவரை மூட ஒரு ‘சிண்ட்’ வாங்கியதாக எழுதுகிறார். அது வண்ணம் எழுதிய இந்தியப் பருத்தித் துணி என்று விளக்கமும் சேர்க்கிறார். அன்று அச்சொல் அவ்வளவு புதிது. ‘சிண்ட்’ என்ற ஒருமைக்கு ‘சிண்ட்ஸ்’ பன்மை. நாளடைவில் பன்மையே ஒருமையாகி, எழுத்துக்கூட்டலும் மாறி, இன்றைய ‘சின்ட்ஸ்’ பிறந்தது. டச்சுக்காரர் ‘சிட்ஸ்’ என்றார்கள். போர்ச்சுகீசியர் ‘ஷீட்டா’ என்றார்கள்.

உயர்ந்த பொருளின் பெயர் தாழ்ந்தது எப்படி? ஐரோப்பியர் இந்தத் துணியைப் பார்த்து அச்சடிக்கக் கற்றார்கள். 1783இல் தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை பெற்றபின், ஒரு சீலை எழுதும் நேரத்தில் ஆயிரம் கெஜம் அடிக்க முடிந்தது. பெயர் அந்த அச்சுத் துணிக்கும் சென்றது. 1851இல் நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட் ஒரு கடிதத்தில் ‘சின்ட்ஸி’ என்று எழுதியபோது அதற்கு மட்டமான தோற்றம் என்பது பொருள். மான்செஸ்டர் துணி இங்கே வந்து இறங்கியபின் நம் சீட்டிக்கும் அதே கதி. ஒரு சொல் இரண்டு கண்டங்களில் ஒரே காரணத்தால் மதிப்பிழந்தது.

மணலில் விளைந்த சிவப்பு

சொல்லை விட்டுப் பொருளுக்கு வருவோம். செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர் 1608இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் காலூன்றினார்கள். 1690இல் அங்கிருந்த கோட்டையை மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிச் செயின்ட் டேவிட் கோட்டை என்றார்கள். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபின் சில ஆண்டுகள் இதுவே இக்கரையில் ஆங்கிலக் கம்பெனியின் தலைமையிடம். தெற்கே வெள்ளாற்று முகத்தில் பறங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியருக்கு அது போர்ட்டோ நோவோ, முஸ்லிம் வணிகருக்கு மஹ்மூதுபந்தர். ஓர் ஊருக்கு மூன்று பெயர் இருந்த இடத்தில் ஒரு துணிக்குப் பல பெயர் வந்ததில் வியப்பில்லை. இவர்கள் அனைவரையும் இங்கே இழுத்து வந்தது முதன்மையாகத் துணிதான்.

இக்கரைத் துணியின் புகழ் அதன் சிவப்பில் இருந்தது. அச்சிவப்பு இம்பூறல் என்னும் சிறு செடியின் வேரில் இருந்தது. கடலோர மணற்பாங்கில் தரையோடு படர்ந்து, மெல்லிய நீண்ட வேரை மண்ணுக்குள் இறக்கும் செடி அது. சித்த மருத்துவர் அதை இரத்தக் கசிவுக்கு மருந்தாகக் கொள்வர். சாயக்காரருக்கு அது சாயவேர். ஆங்கிலத்தில் ‘சே ரூட்’ என்றும், பிரெஞ்சில் ‘ஷாயாவேர்’ என்றும், இலங்கையின் டச்சு ஆவணங்களில் ‘சாயா’ என்றும் காண்பதெல்லாம் நம் ‘சாயம்’, ‘சாயவேர்’ என்ற சொற்களே. துணியின் பெயர் வெளியிலிருந்து வந்தாலும் அதன் உயிரான சிவப்பின் பெயர் தமிழிலிருந்தே போயிற்று.

வேலை நடந்த முறையை நமக்கு விரிவாக எழுதி வைத்தவர் கேர்து என்னும் பிரெஞ்சு இயேசுசபைத் துறவி. சாயத் தொழில் செய்த கிறித்தவர்களிடம் கேட்டறிந்து 1742இல் அவர் எழுதிய கடிதம் ஐரோப்பிய அச்சுப்பட்டறைகளுக்குப் பாடநூலாகவே அமைந்தது. கடுக்காயையும் சாயவேரையும் காதில் விழுந்த தமிழ் ஒலியிலேயே அவர் பிரெஞ்சில் எழுதினார். இதே கேர்துதான் 1767இல், வடமொழிக்கும் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவைப் பாரிஸ் அறிஞர்களுக்குச் சுட்டிக்காட்டியவர். வில்லியம் ஜோன்ஸின் புகழ்பெற்ற உரை அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு பிந்தியது. சாயத்தின் வேரைத் தேடியவரே சொல்லின் வேரையும் தேடினார்.

முதலில் துணியைச் சலவை செய்து, கடுக்காய்த் தூளை எருமைப்பாலில் கரைத்து அதில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்கும். பாலின் கொழுப்பு எழுதும் நீர் கசிந்து பரவாமல் காக்கும். பிறகு மரக்கட்டையால் அடித்து வழவழப்பாக்குவார்கள். காகிதத்தில் வரைந்த உருவின் கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, துணிமேல் விரித்துக் கரித்தூள் பொட்டணத்தால் ஒற்றினால் புள்ளிக் கோடாக உரு இறங்கும். நுனி சீவிய மூங்கில் குச்சியில் மயிரோ கம்பளியோ சுற்றியதே எழுதுகோல். சுற்றை விரலால் அழுத்த அழுத்த நீர் நுனிக்கு இறங்கும். இரும்பு ஊறிய நீரால் எழுதினால் கடுக்காயோடு சேர்ந்து அந்தக் கணமே கருப்பு. சிவப்பு அப்படி வராது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரால் எழுத வேண்டும். படிகாரத்துக்கு நிறமில்லை, கை எதுவரை வந்தது என்று தெரிவதற்காகப் பதிமுகச் சாற்றைக் கொஞ்சம் கலந்துகொள்வார்கள். பிறகு சாயவேர் கொதிக்கும் அண்டாவில் முழுத் துணியையும் போடுவார்கள். படிகாரம் தொட்ட இடம் சிவப்பை இறுகப் பற்றிக்கொள்ளும். மற்ற இடத்தில் ஏறிய மங்கல் நிறம் சாணநீரிலும் வெயிலிலும் ஆற்று நீரிலும் மெல்ல நீங்கி வெண்மை திரும்பும்.

நீலம் வேறு வகை. அவுரித் தொட்டியில் துணியை முக்கியே ஆக வேண்டும். ஆகவே நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகால் மூடி, முக்கி எடுத்து, கொதிநீரில் மெழுகை நீக்குவார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் எழுதினால் பச்சை. இந்த மஞ்சள் மட்டும் நிலையில்லாதது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் உள்ள பழஞ்சீலைகளில் இலைகள் நீலமாகத் தெரிவது அதனால்தான்: மஞ்சள் மங்கிவிட்டது, அடியில் இருந்த அவுரி நிற்கிறது.

கட்டிலை மூடிய பெயர்

இந்தத் துணிகளில் தலைசிறந்தவை கட்டில் விரிப்புகள். ஒரு குன்றின் மேல் வளைந்து நெளிந்து எழும் மரம், அதன் கிளை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகைப் பூ, நாற்புறமும் கொடிக்கரை. ஐரோப்பியர் இதைப் ‘பாலம்போர்’ என்றார்கள். ஊர்ப்பெயர் போல ஒலித்தாலும் இது ஊர்ப்பெயர் அன்று. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் யூலும், தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னலும், ‘பலங்-போஷ்’ என்பதன் திரிபாக இருக்கலாம் என்றார்கள். இன்று பெரும்பாலோர் ஏற்பதும் அதுவே. பலங் என்றால் கட்டில்; போஷ் என்றால் மூடுவது. இரண்டு பகுதிக்கும் தமிழில் உறவினர் உண்டு. வடமொழிப் பரியங்கம், பலியங்கம் என்பதன் வழியில் வந்ததே பலங். அதே வழியில் வந்ததே நம் பல்லக்கு. பாரசீகத்தில் பாதத்தை மூடுவது பாபோஷ். தமிழில் அது செருப்பைக் குறிக்கும் பாப்பாசு. பல்லக்கும் பாப்பாசும் புழங்கிய தமிழுக்குப் பாலம்போர் அந்நியச் சொல்லாக இருக்க வேண்டியதில்லை.

கட்டிலோடு நிற்கவில்லை இத்துணி. குளிர்நாட்டில் அதன் பின்னே பஞ்சு வைத்து, அடித்துணி கொடுத்து, ஓட்டுத்தையல் போட்டுக் கில்ட் ஆக்கினார்கள். உள்ளூர் நெசவாளரும் கம்பளிக்காரரும் கொதித்தெழுந்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை விதித்து 1759வரை நீட்டித்தது. இங்கிலாந்து 1701இல் ஒரு சட்டமும், 1721இல் அதைவிடக் கடுமையான சட்டமும் கொண்டுவந்தது. லண்டன் நடிகர் டேவிட் கேரிக் வீட்டுக் கட்டில் திரைகள் மசூலிப்பட்டினத்தில் எழுதப்பட்டவை. சுங்கத்தார் கைப்பற்றிய அத்துணிகள் பின்னாளில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் சேர்ந்தன.

அரிதான துணியில் ஒரு துண்டும் வீணாகாது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் பழைய சீட்டியிலிருந்து பூவையும் பறவையையும் மரக்கிளையையும் தனித்தனியாக வெட்டி, வெள்ளைப் பருத்தித் துணிமேல் தங்கள் விருப்பப்படி அமைத்து, ஓரம் மடித்துத் தைத்துப் புதிய கில்ட் செய்தார்கள். சாயமிட்டு எழுதிய துணியைக் கொண்டு கலைப்போர்வை செய்யும் இன்றைய கலைக்கு இது மூத்த தலைமுறை. இந்த வேலைக்குப் பின்னாளில் நிலைத்த பெயர் ‘பிராடரி பெர்ஸ்’, அதாவது பாரசீகப் பூவேலை. பிரெஞ்சுக்காரர் உயர்ந்த சீட்டியைப் ‘பெர்ஸ்’ என்று அழைத்ததன் மிச்சம் அது. சோழமண்டலக் கரையின் பூ பாரசீகப் பூ ஆயிற்று.

துணிக்கு ஊர்ப்பெயர் நிலைப்பது புதிதன்று. சிறுபாணாற்றுப்படையில் வரும் கலிங்கம் என்ற துணிப்பெயர் கலிங்க நாட்டை நினைவூட்டுகிறது. கோழிக்கோடு ‘காலிகோ’வில் இருக்கிறது. மலாய்க்காரர் உடுக்கும் ‘காயின் பெலிகாட்’ பழவேற்காட்டைச் சொல்கிறது. கடலூருக்கும் பறங்கிப்பேட்டைக்கும் சீட்டியில் அந்தப் பேறு கிட்டவில்லை.

எழுதியவர் வைத்த பெயர்

போர்ச்சுகீசியர் இத்துணியைப் ‘பிந்தாடோ’, தீட்டியது, என்றார்கள். பிரெஞ்சுக்காரர் ‘இந்தியென்’, இந்தியாவிலிருந்து வந்தது, என்றார்கள். ஜப்பானியர் ‘சரசா’ என்று சொல்லித் தேநீர்ச் சடங்கின் பொருள்களைப் பொதிய வைத்துக்கொண்டார்கள். புள்ளி, தீட்டல், நாடு, கட்டில் என்று வாங்கியவர் ஒவ்வொருவரும் தாம் கண்டதைப் பெயராக்கினார்கள். கையால் செய்தவர் என்ன சொன்னார்?

பழைய தமிழ் அகராதிகளில் ‘எழுத்துச்சீலை’, ‘எழுத்துப்புடவை’ என்ற சொற்கள் இருக்கின்றன. தமிழில் எழுதுதல் என்பது மொழியின் எழுத்துக்கு மட்டும் உரியதன்று. சித்திரம் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள், சங்க காலத்தில் தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதினார்கள். மலையாளத்தில் தரையில் வண்ணப்பொடியால் இடும் கோலம் இன்றும் களமெழுத்து. கோடு இழுப்பதே எழுத்தின் முதற்பொருள். ஒலிக்குக் குறி இடுவது அதன் கிளைப்பொருள்.

அண்டை மொழிகளும் இதையே சொல்கின்றன. காளஹஸ்திக் கலைஞர் தம் வேலையைத் தெலுங்கில் ‘வ்ராத பணி’, எழுத்து வேலை, என்கிறார்கள். பாரசீகக் ‘கலம்காரி’ என்பது எழுதுகோல் வேலை. சோழமண்டலத் துணியைப் பல நூற்றாண்டு வாங்கிய ஜாவாவில் கையால் மெழுகெழுதும் பாத்திக்குக்குப் பெயர் ‘பாத்திக் தூலிஸ்’. தூலிஸ் என்றால் எழுது. அங்கெல்லாம் செய்பவர் தம் கையை எழுத்தர் கையாகவே எண்ணினார்.

இன்னொரு சொல்லும் இங்கே சாட்சி. ‘படம்’ என்றால் முதலில் துணி. புறநானூற்றில் பேகன் மயிலுக்குக் கொடுத்தது ‘படாம்’, போர்வை. துணிமேல் உரு எழுதியதால் உருவுக்கும் படம் என்று பெயர். பிறகு சுவரில் மாட்டுவது, புகைப்படம், திரைப்படம் என எல்லாம் படமாயின. திரையரங்கில் வெண்திரைமேல் ஓடுவதைப் படம் என்கிறோமே, அதில் திரை, படம் இரண்டும் துணியே.

இதற்கு நேர் எதிராகத் தேய்ந்த சொல் ‘கந்தை’. ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை என்னும் பொருளுள்ள வடமொழிக் ‘கந்தா’வோடு தொடர்புடையது அது. வங்கத்தில் பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையலால் உருவெழுதும் ‘காந்தா’ உலகக் கலைக்கூடங்களில் தொங்குகிறது. தமிழில் கந்தை கிழிசலாக மட்டும் நின்றுவிட்டது. ஒரே சொல்தான், மதித்த ஊரில் கலையாயிற்று.

தில்லையின் அம்பரம்

எழுதிய துணிக்குத் தமிழ்நாட்டில் கட்டிலைவிடக் கோயிலே பெரிய வீடு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் மேலே கட்டியது ஓவியம் எழுதிய விதானம். கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலைஞர்கள் கோயில்களுக்கு எழுதிய துணிகளில் விதானத்துக்கு ‘அஸ்மானகிரி’ என்று பெயர். ஆஸ்மான் பாரசீகத்தில் வானம்.

வானமும் துணியும் ஒரே சொல்லில் நிற்பது சிதம்பரத்தின் பெயரில். சிற்றம்பலம் என்பதே சிதம்பரமாயிற்று என்பாரும் உண்டு; சித் என்னும் அறிவும் அம்பரம் என்னும் வெளியும் சேர்ந்தது என்பதே பலரும் சொல்வது. அம்பரத்துக்கு ஆடை என்பதும் பொருள். பீதாம்பரம் மஞ்சள் ஆடை. திசையையே ஆடையாக உடையவர் திகம்பரர். திருப்பாவையில் ஆண்டாள் பாடும் அம்பரம் ஆடையையும் குறிக்கும். நடராசர் சன்னிதியில் சிதம்பர இரகசியத்தை மறைக்கும் திரை, வெளிப்புறம் கருப்பும் உட்புறம் சிவப்புமானது. சீலை எழுதுவோர் முதலில் தொடும் நிறங்களும் இவையே: இரும்பின் கருப்பு, படிகாரம் தொட்ட சிவப்பு. சிவகாமசுந்தரி சன்னிதி மண்டபக் கூரையில் 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் கால ஓவியங்கள் தலைக்குமேல் விதானம் விரித்ததுபோல் வரிசை வரிசையாக ஓடுகின்றன.

ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆதிரைக்கும் நான்கு வீதிகளில் ஐந்து தேர் வலம் வரும். தேரைச் சுற்றும் தேர்ச்சீலையிலும், மூலைகளில் தொங்கும் தொம்பையிலும் சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளைத் துணிகளை உருவாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தைத்திருப்பார்கள். தொம்பை என்பது நெல் கொட்டும் உயரமான கூடையின் பெயர். அதன் உருளை வடிவால் தொங்கலுக்கும் ஆயிற்று. மேல்நாட்டில் பெண்கள் கில்ட்டில் வெட்டி ஒட்டிய பூவுக்கும் இங்கே தையற்காரர் வெட்டி ஒட்டும் யாளிக்கும் கைவேலை ஒன்றே. வடலூரில் வள்ளலார் 1872இல் தொடங்கிய சத்திய ஞான சபையில் ஏழு நிறத் திரை விலகிச் சோதி தெரிகிறது. கடலூர் மாவட்டத்து மக்களுக்குச் சாயமேறிய துணி உடுக்கவும் போர்த்தவும் மட்டும் உரியதாக இருந்ததில்லை.

பெயரைத் திருப்பித் தருவோம்

1869இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிரேபும் லீபர்மானும் சாயவேரில் உள்ள சிவப்புப் பொருளான அலிசரினைச் செயற்கையாகச் செய்யும் முறையைக் காப்புரிமை செய்தார்கள். வேர் தோண்டும் தொழில் அதோடு சரிந்தது. எழுத்துச்சீலை என்ற சொல்லும் அகராதிக்குள் ஒதுங்கியது. கொள்ளிடக் கரைக் கோடாலி கருப்பூரின் பெயரால் புவிசார் குறியீடு பெற்ற கலைகூடக் ‘கருப்பூர் கலம்காரி’ என்றே பதிவாகியிருக்கிறது. கலம்காரி நல்ல சொல்தான். ஆனால் இன்று அச்சுக்கட்டையில் அடித்ததும், ஆலையில் அடித்ததும் அந்தப் பெயரிலேயே விற்கின்றன. சீட்டிக்கு நேர்ந்தது கலம்காரிக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது. பெயர் மங்கினால் கூலியும் மங்கும். பல நாள் எழுதிய சீலையையும் ஒரு நிமிடத்தில் அடித்த துணியையும் ஒரே பெயரில் விற்றால், வாங்குபவர் குறைந்த விலையைத்தான் கேட்பார்.

அச்சடித்தது சீட்டி, கையால் எழுதிச் சாயமிட்டது எழுத்துச்சீலை. அதை வெட்டியும் இணைத்தும் பஞ்சு வைத்துத் தைத்தால் எழுத்துப்போர்வை என்று தாராளமாகச் சொல்லலாம். துணியில் எழுதும் இளைஞர்கள் தங்கள் படைப்பின் கீழே இந்தப் பெயரைப் போடட்டும். அருங்காட்சியகப் பலகைகளும் கைவினைக் கடைகளின் விலைச்சீட்டுகளும் இந்தச் சொல்லைத் தாங்கட்டும். வாங்கப் போகும் நீங்களும் “இது சீட்டியா, எழுத்துச்சீலையா?” என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் தெரிந்துகொள்வார். கடைக்காரர் தெரிந்துகொண்டால் எழுதியவருக்கு உரிய விலை கிடைக்கும்.